ஒதிய மரமும் ஏதேன் தோட்டமும்: உடற்குறையுடைய கலைஞரின் தோட்டப் படைப்புகள் பற்றி

வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஒதியம்பட்டில், ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். கூடத்துச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஒரு பூந்தோட்டத்தின் படம் இருந்தது. வீட்டுக்குரிய அம்மையார் அதைச் சுட்டிக்காட்டி, "ஐயா, இதை வரைஞ்சவருக்கு ரெண்டு கையும் விளங்காதுங்களாம். பிரஷ்ஷை வாயில கவ்விக்கிட்டே வரைஞ்சாராம். நம்ம நாட்டுக்காரர்தானாம்" என்றார். கூடியிருந்தோர் வியந்தனர். ஒருவர் கர்த்தருக்குத் துதி செலுத்தினார். நாமும் அந்த அதிசயத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை கூறினோம். அதன்பின் அப்படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நாமும் பார்க்கவில்லை என்பதைப் புதுச்சேரிக்குத் திரும்பும் வழியில்தான் உணர்ந்தோம். ஓவியரின் பெயர் படத்தின் அடியில் அச்சிடப்பட்டிருந்தது. அதையும் வாசிக்காமலே எழுந்து வந்துவிட்டோம்.

நினைவில் எஞ்சியதைக் கொண்டு இப்போது அதை மதிப்பிடுவோமாயின், அது வலிவற்ற படம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. வைக்கோல் வேய்ந்த ஆங்கில நாட்டுக் குடில், அதன் முன் வளைந்து செல்லும் கற்பாதை, இருபுறமும் நம் மண்ணில் காணக்கிடையாத நெடுந்தண்டுப் பூச்செடிகள்! தூரிகையின் ஒழுங்கு குறைசொல்ல முடியாதது. பயிற்சியின் கடுமை அதில் தெரிந்தது. ஆயினும் அத்தோட்டம் அவருடையதன்று. வாழ்த்து அட்டைகளிலிருந்து கடன் வாங்கப்பட்ட தோட்டம் அது. வாங்குவோர் அத்தகைய படத்தையே விரும்புவர் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கக்கூடும். இதனை எழுதும்போது எமக்குக் கூச்சமாகவே இருக்கிறது. கையற்ற ஒருவரின் படத்தைக் குறைகூறுவது அன்பாகுமா என்று வாசகர் வினவலாம். அவ்வினாவையே இக்கட்டுரையின் பொருளாகக் கொள்கிறோம். "எவ்வாறு வரைந்தார்?" என்ற ஒரே கேள்வியோடு நாம் நின்றுவிடுவதும், "என்ன வரைந்தார்?" என்று கேளாமற் போவதும் அவரைக் கலைஞராகவே ஏற்காமைக்கு ஒப்பாகும் என்பது எமது கருத்து.

ஒதியம்பட்டு என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் ஒதிய மரம் நினைவுக்கு வருகிறது. ஒதி பெருத்தால் உத்திரமாகுமா என்பது நம்மவர் வழக்கு. தடித்து வளர்ந்தாலும் அதன் மரம் மெத்தென்றிருக்கும், வீட்டுக்கு ஆகாது. ஆகவே வளர்ந்தும் பயன்படாத மனிதனுக்கு அம்மரம் உவமையாயிற்று. உடலிலோ அறிவிலோ குறையுடன் பிறந்து வளர்ந்தவர்கள் இப்பழமொழியைத் தம் வீட்டிலேயே கேட்டிருக்கின்றனர் என்பதை மேய்ப்புப் பணியில் இருப்போர் அறிவர். ஆனால் பழமொழி சொல்லாது விட்ட ஒன்றுண்டு. ஒதியின் கிளையை வெட்டி நட்டால் அது வேர்விட்டுத் தழைக்கும். ஆதலால் தோட்டத்துக்கு உயிர்வேலியாக அதை நடுவர். உத்திரமாகாத மரமே தோட்டத்தின் எல்லையைக் காத்து நிற்கிறது. எனினும் இந்த விடையோடு நாம் அமைதி கொள்ளலாகாது. "இதற்கும் ஒரு பயன் உண்டு" என்று காட்டி ஒன்றின் மதிப்பை நிலைநாட்டுவது, பயனே மதிப்பின் அளவுகோல் என்பதை ஒப்புக்கொள்வதாகவே முடியும்.

ஆதியாகமம் வேறொரு வரிசையைக் காட்டுகிறது. இரண்டாம் அதிகாரம் ஒன்பதாம் வசனத்தில், ஏதேனில் முளைப்பிக்கப்பட்ட மரங்கள் பார்வைக்கு இனியவை என்பது முதலில் வருகிறது. உணவுக்கு ஏற்றவை என்பது அதற்குப் பின்னரே வருகிறது. எபிரெய மூலத்திலும் இதுவே வரிசை. பயனுக்கு முன் அழகு நிற்கிறது. தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பணி மனிதனுக்குக் கொடுக்கப்படுவது பதினைந்தாம் வசனத்தில்தான். நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் பதினைந்தாம் வசனத்தில் தொடங்கி உழைப்பின் மேன்மைக்குச் சென்றுவிடுகின்றன. ஒன்பதாம் வசனத்தில் தங்குவோர் சிலரே. ஆனால் அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. மரங்கள் பார்வைக்கு இனியவையெனில், பார்வையற்றவனுக்கு ஏதேனில் பங்கு யாது?

இவ்வினாவுக்கு நம் நாட்டில் ஓர் ஓவியர் தம் கைகளால் விடை கூறியிருக்கிறார். பினோத் பிஹாரி முகர்ஜி 1904-இல் கல்கத்தாவை அடுத்த பேஹாலாவில் பிறந்தவர். சிறு பருவந்தொட்டே ஒரு கண்ணில் பார்வையில்லை. மற்றதில் கடுமையான கிட்டப்பார்வை. சாந்திநிகேதனின் கலாபவனத்தில் நந்தலால் போஸிடம் பயின்று, அங்கேயே ஆசிரியரானார். சாந்திநிகேதன் இருக்கும் பீர்பூம் மாவட்டம் செம்மண் அரித்து ஓடைகளாகப் பிளந்த வறண்ட நிலம். அந்நிலத்தில் மாந்தோப்பும் சால மரங்களின் வரிசையும் வளர்க்கப்பட்டன. மாணவர் மரத்தடிகளில் அமர்ந்து கற்றனர். 1928 முதல் மரம் நடுதலே ஒரு விழாவாகக் கொண்டாடப்பட்டது. ஆகவே பினோத் பிஹாரி கண்ட தோட்டம், வறட்சிக்கு நடுவே மனிதர் வருந்தி உண்டாக்கிய தோட்டம். அவர் படங்களில் மரங்கள் செழிப்பைக் காட்டி நம்மை மயக்குவதில்லை. வெற்றுநிலத்தின் அகலம் அவற்றைச் சுற்றி எப்போதும் இருக்கிறது.

1940-இல் கலாபவன மாணவர் விடுதியின் உட்கூரையில் அவர் ஒரு சித்திரம் தீட்டினார். நடுவில் ஒரு குளம்; அதைச் சுற்றி மரங்களும் ஆடுமாடுகளும் குடிசைகளும் வேலைசெய்யும் மாந்தரும். இதில் மேல் எது கீழ் எது என்பதில்லை. பார்ப்பவர் கழுத்தை உயர்த்திக்கொண்டு தாமே சுற்றிவர வேண்டும். வெளியே நின்று வேலிக்கு மேலாக எட்டிப் பார்க்கும் தோட்டமன்று இது. உள்ளே நிற்பவனைச் சூழ்ந்துகொள்ளும் தோட்டம். தொலைவிலுள்ளதைக் காண இயலாத கண், அருகிலுள்ளதை ஒன்றன்பின் ஒன்றாக அணுகிச் சேர்த்துக்கொண்ட முறையே இங்குப் படத்தின் அமைப்பாகிவிட்டது என்று கருத இடமுண்டு. இதை நிறுவ முடியாது. ஆனால் நல்ல பார்வையுடைய பலர் அக்காலத்தில் வரைந்த இயற்கைக் காட்சிகளின் அருகே இதை வைத்துப் பார்ப்போர்க்கு வேறுபாடு புலப்படும்.

1946, 1947 ஆண்டுகளில் இந்திபவனத்தின் மூன்று சுவர்களில் அவர் தீட்டிய இடைக்காலப் பக்தர்களின் பெருஞ்சித்திரத்தை நம் இறையியல் மாணவர்கள் படத்தொகுப்புகளிலேனும் காண வேண்டும். நம் நாட்டு இராமாநுசரும், கபீரும், துளசிதாசரும், பார்வையற்ற பாடகராகிய சூர்தாசரும் அதில் மக்கள் திரளோடு திரளாக ஆற்றொழுக்குப் போலச் செல்கின்றனர். முழு அளவு மாதிரி வரைந்து சுவருக்கு மாற்றும் வழக்கமான முறையைக் கைக்கொள்ளாமல், ஈரச் சுதையின்மேல் நேராகவே தீட்டினார். ஒற்றைக் கண்ணில் எஞ்சியிருந்த மங்கற் பார்வையோடு இதைச் செய்தார் என்பதை அறிந்தால் வியப்பு மிகும். ஆனால் இதனை அறியாதவர் பார்த்தாலும் இந்த நூற்றாண்டின் சிறந்த இந்தியச் சுவரோவியங்களுள் ஒன்றாகவே கொள்வர் (இந்த நூற்றாண்டு என்று பழக்கத்தால் எழுதிவிட்டோம், கடந்த நூற்றாண்டு என்று திருத்தி வாசிக்க). நாள்காட்டிப் படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. அங்கு ஓவியரின் உடற்குறையைச் சொல்லாவிட்டால் படத்தில் பேச ஒன்றுமில்லை.

1957-ஐ ஒட்டிய கண் அறுவை பயனளியாமல் அவர் பார்வையை முற்றிலும் இழந்தார். சாந்திநிகேதனுக்குத் திரும்பிக் கலை வரலாறு கற்பித்தார். கற்பித்தலோடு நிற்கவில்லை, காகிதத்தை மடித்தும் வெட்டியும் ஒட்டியும் உருவங்கள் செய்தார், களிமண்ணில் பிடித்தார், கோடுகள் வரைந்தார். 1972-இல் கலாபவனச் சுவரொன்றில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரும் சித்திரத்தை அமைத்தார். அதே ஆண்டில் அவருடைய பழைய மாணவராகிய சத்யஜித் ராய் அவரைப் பற்றி 'உட்கண்' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒரு சிறு திரைப்படம் எடுத்தார். இக்காலத்துப் படைப்புகள் அனைத்தும் ஒரே தரத்தன என்று நாம் சொல்லமாட்டோம். காகித வெட்டுகளுள் சில, உருவங்கள் தம்முள் இணங்காமல் தளர்ந்து நிற்கின்றன. ஆனால் சிறந்தவற்றில், முன்பு மெல்லிய கோட்டினால் ஆகியிருந்த உடலும் இலையும் இப்போது விளிம்பினால் ஆகின்றன. விரல் தடவி அறிந்த விளிம்பு அது. நிறம் அவருக்கு நினைவின் பொருளாகிவிட்டது. பார்வைக்கு இனிய மரத்தைத் தொடுகைக்கு இனியதாகப் பெயர்த்தார் எனலாம்.

அவரிடம் பயின்ற கே. ஜி. சுப்ரமணியன் (1924–2016) இளமையை மாஹேயில் கழித்தவர் என்பது புதுச்சேரி ஆட்சிப்பரப்பினர்க்கு ஒரு சிறு பெருமை. ஆசிரியரின் தன்வரலாற்று எழுத்துகளை வங்கத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே.

உடற்குறை ஒரு படைப்பினுள் எவ்வாறு நுழைகிறது என்பதில் இரு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, அதனை அடியோடு மறந்துவிடுவது. மற்றது, படைப்பை நோயின் அடையாளமாக மட்டும் வாசிப்பது. க்ளோத் மொனே தம் ஷிவெர்னித் தோட்டத்துப் பாலத்தையும் அல்லிக் குளத்தையும் முதுமையில் செம்பழுப்பு நிறத்தில் தீட்டினார். 1912-இலேயே அவருக்குக் கண்புரை கண்டறியப்பட்டிருந்தது. 1923-இல் அறுவை நடந்தது. நிறமாற்றத்துக்குப் புரையே காரணம் என்பாரும், ஓவியரின் துணிவே காரணம் என்பாரும் இன்றும் வாதிடுகின்றனர். எமக்கு இவ்விவாதம் பயனற்றதாகத் தோன்றுகிறது. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்திருந்தால் செடியில் அது தெரியும்; அதனால் செடியைச் சுண்ணாம்பு என்று சொல்வாருண்டோ?

ஹென்றி மத்தீஸைத் திருச்சபையார் சிறப்பாக அறிய வேண்டும். 1941-இல் குடல் புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்டபின் அவர் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்ந்தார். நின்று தீட்ட இயலாமற் போகவே, வண்ணம் பூசிய காகிதங்களைக் கத்தரித்துச் சுவரில் பொருத்தச் செய்தார். இலைகளும் கனிகளும் கடற்பாசிகளும் அறையின் சுவர்களெங்கும் படர்ந்தன. வெளியே போக முடியாத மனிதர் தம் அறைக்குள் தோட்டத்தை வரவழைத்துக்கொண்டார். தமக்கு முன்னர் நோய்க்காலத்தில் பணிவிடை செய்து, பின்னர்த் துறவு பூண்ட ஒரு பெண்ணின் வாயிலாக, தென் பிரான்சின் வாந்ஸ் நகரில் ஒரு சிற்றாலயத்தை அமைக்கும் பணியை அவர் மேற்கொண்டார். 1951-இல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் பலிபீடத்தின் பின்னுள்ள கண்ணாடிச் சாளரத்துக்கு 'ஜீவ விருட்சம்' என்று பெயர். அங்கே அத்திமரமோ ஒலிவமரமோ இல்லை. மஞ்சள் பூ மலர்ந்த சப்பாத்திக் கள்ளி இருக்கிறது. நம் ஊர் மேய்ச்சல் தரையில் ஆடும் தொடாத கள்ளி! ஜீவ விருட்சத்துக்கு அவர் அதைத் தேர்ந்ததன் காரணத்தை ஆராய்ந்து எழுதுவோர் எழுதட்டும். தோட்டத்தைப் பற்றிக் கிறிஸ்தவக் கலை சொன்னவற்றுள் இதனினும் துணிவானதை நாம் கண்டதில்லை.

ஆனால் மொனேயும் மத்தீஸும் உடல் நலிவதற்கு முன்பே உலகப் புகழ் பெற்றவர்கள். அவர்தம் முதுமைப் படைப்புகளைக் காணக் கூட்டம் காத்திருந்தது. அந்நிலை இல்லாதவர்களின் கதை வேறு.

செராஃபீன் லூயி 1864-இல் பிரான்சில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கன்னியர் மடத்தில் பணிப்பெண்ணாகவும், பின்னர்ச் சான்லிஸ் நகரத்து வீடுகளில் தரை துடைப்பவராகவும் உழைத்தார். இரவில் விளக்கொளியில் படம் வரைந்தார். வானத்திலிருந்து வந்த கட்டளையாலேயே வரைவதாக நம்பினார். 1912-இல் வில்ஹெல்ம் ஊடே என்ற செர்மானியக் கலைச் சேகரிப்பாளர், தாம் கண்டு வியந்த ஒரு படத்தை வரைந்தவர் தம் வீட்டைப் பெருக்கும் அப்பெண்ணே என்று அறிந்தார். முதல் உலகப்போர் இருவரையும் பிரித்தது. 1927-இல் மீண்டும் சந்தித்தபின் ஊடே அளித்த பெரிய கித்தான்களில், ஆளுயரத்தையும் மிஞ்சிய அளவில் செராஃபீன் பூக்களையும் மரங்களையும் தீட்டினார். 'பரதீசின் மரம்' என்பது அவற்றுள் ஒன்று. அதில் இலைகள் இறகுகள் போலவும் கண்கள் போலவும் விரிகின்றன, கனிகள் எரிகின்றன, காற்றுப் புகவும் இடமில்லாமல் கித்தான் நிறைந்திருக்கிறது. அமைதியான தோட்டம் என்று இதைச் சொல்ல முடியாது. இலைகள் நம்மைத் திரும்பிப் பார்க்கின்றன. ஏதேனுக்குள் நிற்பது அச்சந்தருவது என்று தோன்றுகிறது. கேருபீன்களின் சுடரொளிப் பட்டயத்தை நினைந்தால் அது பொருத்தமே.

1930-ஐ ஒட்டிய பொருளாதார வீழ்ச்சியில் ஊடே படங்கள் வாங்குவதை நிறுத்தினார். செராஃபீனின் மனம் சிதைந்தது. 1932-இல் அவர் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கு அவர் வரையவில்லை. 1934-இலேயே அவர் இறந்துவிட்டதாக ஊடே எழுதினார். உண்மையில் அவர் 1942 வரை உயிரோடிருந்து, துணையின்றி இறந்து, பொதுக்குழியில் அடக்கம் செய்யப்பட்டார். ஊடேயைக் குற்றவாளி ஆக்குவது எளிது. அவர் செராஃபீனின் படத்தை ஓர் ஓவியரின் படமாகவே பார்த்த முதல் மனிதர். அதற்குரிய நன்றி அவருக்கு உண்டு. ஆனால் படத்தை நேசித்தவர்கள் அதை வரைந்தவளைப் பத்தாண்டுகள் காணாதிருந்தனர். எமது வாதத்தின் மறுபக்கம் இதுவாதலால் மறைக்காமல் எழுதுகிறோம். ஆளை மட்டும் பார்த்து இரங்கிப் படத்தைப் பாராதிருப்பது ஒரு பிழை. படத்தை மட்டும் பார்த்து ஆளை மறப்பது அதனினும் கொடிது.

நம் தமிழகத்திலும் ஒருவர் இருந்தார். கே. ராமானுஜம் பேச்சுத் தடையுடையவர், மனத்துயருக்கும் ஆளானவர். கே. சி. எஸ். பணிக்கர் 1966-இல் நிறுவிய சோழமண்டல ஓவியர் கிராமத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. மையினால் அடர்த்தியாக அவர் வரைந்த மாளிகைகளும், இறகுடைய விலங்குகளும், அவற்றினூடே தொப்பியணிந்து உலவும் தம் உருவமும் கனவுலகங்களாகும். முப்பத்திரண்டைக் கடந்து சில காலத்தில், 1973-இல், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தோழர்கள் சூழ வாழ்ந்தும் இது நேர்ந்தது என்பதை இல்லங்கள் நடத்தும் நம்மவர் ஆழ்ந்து எண்ண வேண்டும்.

இனி அறிவு வளர்ச்சிக் குறையுடையோரைப் பற்றி ஒரு சொல். இவர்கள் நாற்பது வயதைக் கடந்தவராயினும் நம் சபைகளில் "அந்தப் பிள்ளைகள்" என்றே பேசப்படுகின்றனர். பெயர்கள் மாறிவிட்டன. பழைய மொழிபெயர்ப்பின் குருடரும் முடவரும் போய், 1981-இல் உலகெங்கும் கொண்டாடப்பட்ட ஆண்டில் ஊனமுற்றோர் என்று நாம் எழுதினோம். இப்போது மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். "பிள்ளைகள்" மட்டும் மாறவில்லை. பிள்ளைக்கு அச்சிட்ட ரோஜாவைக் கொடுத்து வண்ணம் நிரப்பச் சொல்வது இயல்பே. ஆகவே நாற்பது வயதுப் பெண்ணும் வெளிக்கோட்டைத் தாண்டாமல் ரோஜாவுக்குச் சிவப்பு பூசுகிறாள். அமெரிக்காவின் ஓக்லாந்தில் 1974-இல் தொடங்கப்பட்ட ஒரு கலைக்கூடம் வேறு வழியைக் காட்டியது. பொருள்களையும் நேரத்தையும் கொடுத்துவிட்டு அது காத்திருந்தது. டவுன் நோய்க்குறியும் செவிட்டுமையும் கொண்டு, முப்பத்தைந்து ஆண்டுகள் காப்பகங்களில் அடைபட்டிருந்த ஜூடித் ஸ்காட் (1943–2005), 1987-இல் அங்குச் சேர்ந்தார். முதலில் எதிலும் நாட்டம் கொள்ளாதிருந்தவர், பின்னர் நூலையும் துணியையும் பொருள்கள்மீது சுற்றிச் சுற்றிக் கூடுபோன்ற சிற்பங்களை உண்டாக்கினார். இன்று அவை அருங்காட்சியகங்களில் உள்ளன. 2025-இல் பிரிட்டனின் டர்னர் பரிசு, கற்றற்குறையும் ஆட்டிசமும் உடைய நெனா கலூ என்ற பெண் கலைஞருக்கு வழங்கப்பட்டது. பரிசு பெற்றமை எமக்குப் பெரிதன்று; அவர் படைப்பைப் பற்றித் திறனாய்வாளர் ஒருவரோடொருவர் முரண்பட்டு எழுதினர் என்பதே பெரிது. இரக்கத்துக்குரியோரைப் பற்றி எவரும் முரண்படுவதில்லை.

வேதாகமம் இப்பொருளில் ஒரே குரலில் பேசவில்லை. லேவியராகமம் 21-ஆம் அதிகாரம் குறையுள்ள ஆசாரியனைப் பலிபீடத்தண்டை சேரவிடாமல் தடுக்கிறது. அதே பகுதியில், பரிசுத்தமான அப்பத்தை அவன் புசிக்கலாம் என்பதும் இருக்கிறது. நம் இல்லங்களின் நிலை இதுவே என்று எமக்குத் தோன்றுகிறது: அப்பம் தருகிறோம், பீடத்துக்கு அழைப்பதில்லை. யோவான் 20-ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் ஒரு தோட்டத்தில் தோட்டக்காரராகக் கருதப்படுகிறார். அதே அதிகாரத்தில் அவர் காயங்களோடு காணப்படுகிறார். நான்சி ஐஸ்லாண்ட் 1994-இல் வெளியிட்ட நூலில், உயிர்த்தெழுந்த உடலின் அத்தழும்புகளையே தம் இறையியலின் மையமாகக் கொண்டார். உலகத் திருச்சபைகள் மன்றம் 1975-இல் நைரோபிப் பேரவையிலும், 2003-இல் வெளியிட்ட அறிக்கையிலும் திருச்சபையின் முழுமையை இக்கண்கொண்டு நோக்கியது. நம் நாட்டு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, கலை பண்பாட்டில் பங்குபெறும் உரிமையையும் தனிப்பிரிவாகச் சொல்கிறது. சட்டம் உரிமை என்று சொல்லிவிட்ட ஒன்றை நாம் இன்னும் பொழுதுபோக்கு வகுப்பு என்றே அழைக்கிறோம்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தை எடுத்துக்கொள்வோம். வாழைத்தாரும் சேவலும் ஏலம் போனபின், இல்லத்தார் செய்த பூப்படங்கள் வரும். விலை மளமளவென்று ஏறும். வாங்கியவர் அதை வீட்டில் மாட்டுவதில்லை; நாமும் அவ்வாறு வாங்கிய இரண்டை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறோம். அப்படங்களை ஏலத்திலிருந்து எடுத்து, ஆலய மண்டபத்தில் ஒரு வாரம் மாட்டி வைக்கலாம். வரைந்தவர் பெயர், ஆண்டு, பொருள் இவை மட்டும் அருகில் இருந்தாற் போதும். வாயா காலா என்று எழுத வேண்டியதில்லை. வருமானம் குறையும் என்பர், குறையக்கூடும்தான். வரைந்தவரை அழைத்து, இந்தச் செடி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். வில்லியனூர்ப் பகுதி சுடுமண் கலைக்குப் பெயர்பெற்றது. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. அப்பகுதிக் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விரலால் அறியும் களிமண் அங்கேயே கிடைக்க, நம் இல்லங்கள் அச்சிட்ட ரோஜாவுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்பது விளங்கவில்லை.

அண்மையில் ஒதியம்பட்டு வீட்டுக்கு மறுபடியும் சென்றோம். ஓவியரின் பெயரை வாசித்துக் குறித்துக்கொள்வதே நோக்கம். நாள்காட்டியில் வேறு மாதம் இருந்தது. பழைய தாள் எங்கே என்று அம்மையாரிடம் கேட்டோம். பேரனின் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டதாகச் சொல்லி, அதை எடுத்துவரச் செய்தார். குடிலும் கற்பாதையும் மேலே இருந்தன. பெயர் உள்மடிப்பில் பசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.